கல் பங்களாவின் தோட்டக்காரர்

நம் மலர்க் குழுவினர் போனில் கூப்பிட்டு, கல்லூரி நாட்களைப் பற்றி நான்கு பக்கம் எழுதித் தரவேண்டும் என்றார்கள். ஹாஸ்டல் சாம்பார், குளிருக்குப் பயந்து குளிக்காமலே பவுடரைப் பூசிக்கொண்டு வகுப்புக்கு வந்தது, சேரிங் கிராஸில் ஒரு டீயை இரண்டு பேர் குடித்தது... இதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுதக்கூடிய நண்பர்கள் நம் செட்டிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது வேறொருவரைப் பற்றி. அவரும் ஒரு வகையில் நம் கல்லூரிக்காரர்தான். நாம் படித்த இடம் அவருடைய வீடு. நாம் சைக்கிளைச் சாத்தி வைத்த இடம் அவருடைய தோட்டம். பெயர் ஜான் சல்லிவன். ஊட்டியை உண்டாக்கிய கலெக்டர் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் ஒரு மனைவிக்குக் கணவர், பிள்ளைகளுக்குத் தகப்பனார், மண்ணைக் கிளறாமல் இருக்க முடியாத ஒரு தோட்டப் பைத்தியம் என்பதைத்தான் நான் சொல்ல வேண்டும்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. சொந்த ஊர் ஜேடர்பாளையம். அப்போது சேலம் ஜில்லா, இப்போது நாமக்கல் மாவட்டம். காவேரிக் கரை. தடுப்பணையும், அங்கிருந்து பிரியும் ராஜா வாய்க்காலும், அதை வெட்டிய அல்லாள இளைய நாயக்கரின் சிலையும் எங்கள் ஊர்ப் பெருமை. அப்பாவுக்கு வாய்க்கால் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் வெற்றிலைக் கொடிக்கால். அகத்தியை நட்டு, அதன் மேல் கொடியை ஏற்றி, குழந்தைக்குத் தலை பின்னுகிற மாதிரி ஒவ்வொரு கொடியையும் கட்டுவார். பள்ளிக்கூடம் விட்டதும் எனக்கு அங்கேதான் வேலை. கொடிக்காலுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போகக் கூடாது, சத்தம் போடக் கூடாது. கோயில் மாதிரி.

இந்தக் கொடிக்காலை விட்டு நான் ஊட்டிக்கு வந்ததற்குக் காரணம் உருளைக்கிழங்கு. எங்கள் சித்தப்பா மேட்டுப்பாளையம் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். மலையிலிருந்து இறங்கும் கிழங்கு மூட்டைகளுக்குச் சீட்டுப் போடுவதுதான் அவர் வேலை. அவர்தான் அப்பாவிடம் சொல்லி, பையன் மேலே போய்ப் படிக்கட்டும், செலவுக்கு நான் இருக்கிறேன் என்று 1970-களின் நடுவில் என்னைப் பி.யு.சி.யில் சேர்த்துவிட்டார். அந்தக் கிழங்கு எப்படி இந்த மலைக்கு வந்தது என்று அப்போது நானும் கேட்கவில்லை, சித்தப்பாவும் சொல்லவில்லை. அதை முதலில் விதைத்தவரின் வீட்டுக்குள்ளேதான் படிக்கப் போகிறேன் என்று இரண்டு பேருக்குமே தெரியாது!

சல்லிவன் 1788-ல் லண்டனில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியில் ரைட்டராக, அதாவது எழுத்தராக, 1804-ல் சேர்ந்தபோது வயது பதினாறுகூட நிறையவில்லை. நம் பி.யு.சி. வயதுதான். அந்த வயதில் கப்பலேறி வந்தவர் பல இடங்களில் வேலை பார்த்து, 1815-ல் கோயம்புத்தூர் ஜில்லாவுக்குக் கலெக்டராக வந்தார். அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் அதே நாற்காலி. இன்றைக்கு ஒரு கலெக்டர் ஒரே மாவட்டத்தில் மூன்று வருஷம் இருந்தாலே பெரிய விஷயம்.

அந்தக் காலத்துக் கோயம்புத்தூர் ஜில்லா பெரியது. பவானி, ஈரோடு, கரூர் எல்லாம் அதற்குள். எங்கள் ஊருக்கும் அதற்கும் நடுவில் காவேரி மட்டும்தான். இக்கரை சேலம் கலெக்டர், அக்கரை சல்லிவன். ஆற்றின் நடுவில் நின்று குளித்தால் எந்தக் கலெக்டருக்கு வரி கட்டுவது என்று நான் வேடிக்கையாக நினைத்துக்கொள்வதுண்டு. சேலத்துக் கலெக்டரும் சும்மா இருக்கவில்லை. 1820-களில் அங்கே இருந்த காக்பர்ன் துரை ஏற்காட்டில் காப்பியையும் பேரிக்காயையும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கரையிலும் ஒரே சமயத்தில் இரண்டு தோட்டக்காரக் கலெக்டர்கள்.

நீலகிரியை வெள்ளைக்காரர்கள் அதற்கு முன்பே எட்டிப் பார்த்திருக்கிறார்கள். 1603-ல் பினீசியோ என்ற பாதிரியார் வந்திருக்கிறார். 1812-ல் சர்வே செய்ய இரண்டு பேர் ஏறினார்கள். 1818-ல் சல்லிவனிடம் வேலை பார்த்த விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரண்டு இளைஞர்கள் மேலே போய்விட்டு வந்து, அங்கே வேறு உலகமே இருக்கிறது என்று கதை கதையாகச் சொன்னார்கள். அதைக் கேட்டுவிட்டு 1819 ஜனவரியில் சல்லிவனே கிளம்பினார். சிறுமுகையிலிருந்து நடை. கோத்தகிரிப் பக்கம் திம்பட்டியில் போய் நின்றார். நமக்கு மே மாத வெயிலில் பர்லியாறு தாண்டியதும் பஸ் ஜன்னல் வழியாக ஒரு காற்று வருமே, அது அவருக்கும் அடித்திருக்கும். முப்பது வயது, கல்யாணம் ஆகாதவர். அந்த வருஷமே அங்கே ஒரு வீடு கட்டிவிட்டார். கோத்தகிரி கன்னேரிமுக்கில் இப்போது அவர் பெயரால் நினைவகமாக இருப்பது அதுதான்.

லெஷ்னோ என்ற பிரெஞ்சுத் தாவர அறிஞரும் 1819-ல் இந்த மலைக்கு வந்தவர். உடம்புக்கு முடியாமல் ஏறியவர் தேறி இறங்கினார். கீழே காய்ச்சலும் காலராவும் கொள்ளை கொண்டுபோன காலம் அது. கம்பெனிக்காரர்களின் கல்லறைகளைப் பார்த்தால் முக்கால்வாசி இளம் வயது. ஆகவே மலைக்காற்று உடம்பைத் தேற்றுகிறது என்ற செய்தி அவர்களுக்குச் சஞ்சீவி கிடைத்த மாதிரி. சல்லிவன் அதை மேலிடத்துக்கு விடாமல் எழுதினார். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்குப் பாதை கேட்டார். 1821-ல் வேலை ஆரம்பித்து 1823-ல் முடிந்தது. மெக்பெர்சன் என்ற ராணுவ அதிகாரி முன்னால் நின்று போட்ட பாதை.

இதற்கு நடுவில் 1820-ல் கல்யாணம். பெண் பெயர் ஹென்றியெட்டா செசிலியா ஹாரிங்டன். எனக்கு சல்லிவன் கதை இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

அதுவரைக்கும் மலை அவருக்கு ஓர் உத்தியோகக் கண்டுபிடிப்பு. இப்போது குடித்தனம் நடத்துகிற இடமாக ஆகிறது. 1822-ல் உதகையில் தோடர்களிடம் நிலம் வாங்கி, கல்லில் வீடு கட்ட ஆரம்பித்தார். மலைவாசிகள் அதைக் கல் பங்களா என்றார்கள். ஊரில் கட்டிய முதல் பங்களா அது. 1823-ல் மனைவியையும் கைக்குழந்தையையும் அங்கே கூட்டிக்கொண்டு வந்தார். உதகையில் குடியேறிய முதல் ஐரோப்பியப் பெண் அந்த அம்மாள்தான் என்பார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கடை இல்லை, டாக்டர் இல்லை, பக்கத்து வீடு இல்லை. சுற்றிலும் புல்வெளியும் சோலைக்காடும், தூரத்தில் தோடர் மந்துகளின் கூண்டு வண்டி மாதிரி வளைந்த குடிசைகளும்தான். அங்கே ஓர் இளம் பெண் கைக்குழந்தையோடு வந்து இருக்கிறாள் என்றால், கூட்டிவந்தவர் மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்! கலெக்டர்கள் அந்தக் காலத்தில் குடும்பத்தைக் கடற்கரைப் பட்டணத்தில் விட்டுவிட்டு முகாம் போவார்கள். பிள்ளைகளைச் சீமைக்கு அனுப்பிவிடுவார்கள். சல்லிவன் தம் குடும்பத்தைத் தம்மோடு வைத்துக்கொள்ள ஓர் ஊரையே உண்டாக்கினார் என்று எனக்குப் படுகிறது. சரித்திரப் பேராசிரியர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கம்பெனிக்கு ஆரோக்கிய நிலையம், துருப்புகளுக்கு ஓய்வு என்று வேறு காரணங்கள் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். நான் ஒரு குடும்பஸ்தனாகப் பார்த்துச் சொல்கிறேன்.

வீடு எழும்பும்போதே தோட்டமும் எழும்பியது. ஜான்ஸ்டன் என்ற ஐரோப்பியத் தோட்டக்காரரைக் கொண்டுவந்தார். உருளைக்கிழங்கு, கோசு மாதிரிக் காய்கள், பார்லி, ஆப்பிள், ஸ்ட்ராபெர்ரி என்று சீமைச் சரக்கு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள். சிலது பிடித்தது, சிலது போனது. தோட்டம் போடுகிறவர்களுக்கு இது தெரியும். விதை வாங்குகிற அன்றைக்கு நாம் ராஜா, முளைக்காத அன்றைக்குப் பிச்சைக்காரன். ஒரு ஜில்லாவின் வரி வசூலைத் தலையில் சுமக்கிற மனிதர், இரவில் பனி விழுந்து நாற்று கருகிவிட்டதா என்று காலையில் எழுந்ததும் போய்ப் பார்த்திருப்பார். ஊட்டிப் பனி எப்படிக் கருக்கும் என்று நமக்குத் தெரியாதா? ஹாஸ்டல் குழாயில் ஜனவரியில் தண்ணீர் வராதே!

அதிலே உருளைக்கிழங்குதான் ஜெயித்தது. துரைகளின் சாப்பாட்டு மேஜைக்காக வந்த கிழங்கு, படகர்களின் வயலுக்குப் போய், அவர்களுக்குப் பணப்பயிராகி, பிற்பாடு மேட்டுப்பாளையத்தில் ஒரு மண்டியையே உண்டாக்கியது. அந்த மண்டிதான் என் சித்தப்பாவுக்குச் சம்பளம் கொடுத்தது, அந்தச் சம்பளத்தில்தான் எனக்கு டேர்ம் பீஸ் கட்டியது. இதை ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு விஷயத்தை இங்கே திருத்திவிடுகிறேன். பஸ்ஸில் வருகிற டூரிஸ்ட்டுகளுக்குக் கைடுகள் பொட்டானிக்கல் கார்டனையும் சல்லிவன் கணக்கிலே எழுதிவிடுகிறார்கள். அது அவர் போனபிறகு, 1848 வாக்கில், மக்கைவர் என்ற தோட்டக்கலை நிபுணர் உருவாக்கியது. தேயிலையும் அவருடையது அல்ல. அவருடையது வீட்டுத் தோட்டம், காய்கறி, பழமரம், வேலி ஓரத்துப் பூச்செடி. நம் கல்லூரி முன்னால் நிற்கிறதே பெரிய ஓக் மரம், அதற்குச் சல்லிவன் ஓக் என்றுதான் பெயர். மூன்று வருஷம் அதன் அடியில் உட்கார்ந்து பொரி தின்றிருக்கிறேன். பெயர் தெரிந்தது படித்து முடித்து இருபது வருஷம் கழித்து.

ஏரியும் அவர் வேலை. 1823-ல் ஆரம்பித்து 1825-ல் ஓடைகளை மறித்துக் கட்டி முடித்தார். இப்போது படகு விடுகிறார்களே, அதேதான். அன்றைக்கு இன்னும் பெரிதாக இருந்தது. பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்த்து, குதிரைப் பந்தய மைதானம், பஸ் ஸ்டாண்டு என்று ஆகிவிட்டது. அந்த ஏரியின் உபரித் தண்ணீர் சாண்டிநல்லா பக்கம் இறங்கி, மோயாற்றில் சேர்ந்து, பவானிசாகருக்கு வந்து, கூடுதுறையில் காவேரியோடு கலந்து, ஈரோட்டைத் தாண்டி எங்கள் ஜேடர்பாளையம் தடுப்பணைக்கு வருகிறது. அங்கிருந்து ராஜா வாய்க்காலில் புகுந்து அப்பாவின் கொடிக்காலுக்கு. நான் ஊரை விட்டு ரொம்ப தூரம் வந்துவிட்டதாக முதல் வருஷம் அழுதிருக்கிறேன். நான் பார்த்துக்கொண்டிருந்த தண்ணீர்தான் ஒரு சுற்றுச் சுற்றி எங்கள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

1826-ல் கவர்னர் தாமஸ் மன்றோ உதகைக்கு வந்தார். சல்லிவனின் விருந்தாளியாகத் தங்கினார். இங்கிலாந்தில் இருந்த தம் மனைவிக்கு இந்த மலையைப் பற்றியும் குளிரைப் பற்றியும் கடிதம் எழுதினார். அடுத்த வருஷமே மன்றோ காலராவில் போய்விட்டார். அவருக்குப் பின் வந்த கவர்னர் லஷிங்டனுக்கும் சல்லிவனுக்கும் ஒத்துப்போகவில்லை. 1828-ல் உதகை ராணுவ அதிகாரியின் கைக்குப் போனது. 1830-ல் மலையின் பெரும்பகுதியைக் கோயம்புத்தூரிலிருந்து பிரித்து மலபார் ஜில்லாவோடு சேர்த்துவிட்டார்கள். தான் நட்டு வளர்த்த தோட்டத்துக்கு வேறொருவரைக் காவல் போட்டால் எப்படி இருக்கும்? உடம்பும் சரியில்லை. கலெக்டர் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனார்.

இந்தச் சண்டையின் மையத்தில் இருந்தது தோடர்களின் நிலம். இதைச் சொல்லாமல் சல்லிவனைப் பாராட்டினால் அது பொய்ப் பாராட்டு ஆகிவிடும். நிலம் முழுவதும் தோடர்களுக்குச் சொந்தம், அவர்களிடம் விலை கொடுத்து வாங்காமல் யாரும் குடியேறக் கூடாது, கம்பெனியே ஆனாலும் சரி என்பது சல்லிவனின் வாதம். எதிர்த் தரப்பு, அவர்களுக்கு எருமை மேய்க்கும் உரிமைதான், சொந்தம் கிடையாது என்றது. அந்தக் காலத்தில் ஒரு கம்பெனி அதிகாரி மலைவாசிகளுக்காக மேலதிகாரியோடு மல்லுக்கு நின்றது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் அவரே அவர்களிடம் வாங்கிய விலை என்ன? ஏக்கர் ஒரு ரூபாய். வாங்கியதும் கொஞ்சநஞ்சம் இல்லை. அங்கே இருந்த வெள்ளைக்காரர்களில் அவருக்குத்தான் அதிக நிலம். எருமைதான் செல்வம், மேய்ச்சல்தான் வாழ்க்கை என்று இருந்த ஜனங்களுக்கு அந்த ஒரு ரூபாயை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? அவர் தோட்டம் போட்ட இடத்துக்குப் பின்னாலேயே மற்றவர்கள் வந்தார்கள். 1830-களிலும் 40-களிலும் சீகை மரமும் கற்பூர மரமும் வந்தன. புல்வெளி போனது, சோலை சுருங்கியது. இன்றைக்கு வனத்துறை அந்தச் சீகையை வெட்டிவிட்டுப் புல்லைத் திரும்பக் கொண்டுவரப் பாடுபடுகிறது. அதற்கெல்லாம் சல்லிவன் ஒருவர்தான் பொறுப்பு என்று சொல்ல மாட்டேன். கதவைத் திறந்தவர் அவர். திறந்த கையாலேயே உள்ளே வருகிறவர்களைத் தடுத்து, வீட்டுக்காரனைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்றும் சொன்னவர். இரண்டும் ஒரே மனிதர்தான். நம் வகுப்பில் படித்த தோடர் நண்பர் ஒருவர், இந்தக் கட்டிடம் எங்கள் பாட்டன் நிலம் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். நாங்களும் சிரிப்போம். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பு கொஞ்சம் உறுத்துகிறது.

சல்லிவன் திரும்பி வந்தார். சென்னையில் ரெவின்யூ போர்டில் பெரிய பதவி. குடும்பத்துக்கு மறுபடி ஊட்டி. பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருந்தார்கள், பெரிய குடும்பம். வைத்த மரங்கள் நிழல் தருகிற அளவுக்கு வளர்ந்திருக்கும். பதினைந்து வருஷ மரம். அதை நட்டபோது கைக்குழந்தையோடு வந்த அம்மாள் இப்போது பெரிய குடும்பத்துக்குத் தாய். ஒரு மனிதனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

1838-ல் ஹென்றியெட்டா இறந்துவிட்டார். அதே சமயத்தில் மகள் ஹாரியெட்டும். எந்தக் காற்று உடம்பைத் தேற்றும் என்று கம்பெனிக்கு அவர் கட்டுக் கட்டாக எழுதினாரோ, அந்தக் காற்றில்தான் இரண்டு பேரும் போனார்கள். இரண்டு பேரையும் செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். நம் கல்லூரியிலிருந்து நடந்தே போய்விடலாம். நாம் அந்த வழியாகத்தானே சினிமாவுக்குப் போனோம்? ஒரு நாள்கூட உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

1841-ல் சல்லிவன் வேலையை விட்டுவிட்டு, மீதிப் பிள்ளைகளோடு சீமைக்குப் போய்விட்டார். திரும்பி வரவே இல்லை.

முன்பெல்லாம் இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வரும். ஓர் ஊரையே உண்டாக்கியவர், வீடு, தோட்டம், ஏரி அத்தனையும் விட்டுவிட்டு எப்படிப் போகலாம்? மனைவியும் மகளும் இந்த மண்ணிலேதானே இருக்கிறார்கள்? காவலுக்காவது இருக்க வேண்டாமா? 2017-ல் என் மனைவி தவறினாள். அதற்குப் பிறகு கோபம் வருவதில்லை.

ரிட்டையர் ஆனதும் நான் ஜேடர்பாளையத்துக்கே போய்விட்டவன். கொடிக்கால் எப்போதோ போய்விட்டது. வீட்டுக்குப் பின்னால் ஐந்து சென்ட் இடம் இருந்தது. அதில் அவளுக்கு முருங்கை, கருவேப்பிலை, நாலு வாழை, பந்தலில் புடலை, சுவர் ஓரம் நித்தியமல்லி. தண்ணீர் பாய்ச்சுவது நான், எதை எங்கே வைப்பது என்பது அவள் உத்தரவு. அவள் போன பிறகு ஒரு வருஷம் நான் பின் கதவைத் திறக்கவில்லை. பந்தல் சாய்ந்தது. மல்லி மட்டும் தண்ணீர் ஊற்றாமலே பூத்து, வாசனை ஜன்னல் வழியாக வரும். ராத்திரியில் எழுந்து ஜன்னலைச் சாத்துவேன். மகன் பெங்களூரிலிருந்து வந்து, அப்பா, இதை வித்துட்டு எங்ககூட வந்துருங்க என்றான். நானும் சரி என்றேன். புரோக்கரிடம்கூடப் பேசியாச்சு. அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் சல்லிவன் ஞாபகம் வந்தது. அவர் ஏன் போனார் என்று யாரிடமும் கேட்காமலே புரிந்தது. அவர் வைத்த ஒவ்வொரு செடியும் அந்த அம்மாளைக் கேட்டு வைத்ததாக இருந்திருக்கும். மரம் வளர்ந்து நிற்கும். கேட்பதற்கு ஆள் இல்லை.

ஆனால் போனவர் சும்மா உட்காரவில்லை என்பதையும் அப்புறம்தான் கவனித்துப் படித்தேன். இங்கிலாந்தில் இந்தியச் சீர்திருத்தச் சங்கத்தில் சேர்ந்துகொண்டு கம்பெனி ஆட்சியையே விமரிசனம் செய்தார். சுதேச மன்னர்களின் ராஜ்யங்களை வாரிசு இல்லை என்று சொல்லிப் பறிப்பது ஒப்பந்தத்தை மீறுவது ஆகாதா என்று 1853-ல் பிரசுரம் போட்டார். இந்தியர்களுக்குப் பெரிய பதவிகள் தரவேண்டும், இங்கிருந்து செல்வத்தை உறிஞ்சிக்கொண்டு போவது தகாது என்றெல்லாம் வாதாடினார். முப்பது வருஷத்துக்கு மேல் அதே கம்பெனியில் சம்பளம் வாங்கியவர்! காலம் கடந்த ஞானம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். தோடர் விஷயத்தில் கிளம்பிய குணம்தான் அது, புதிதாக வந்தது இல்லை.

1855-ல் இறந்தார். ஸ்லோ நகருக்குப் பக்கத்தில் அப்டன் என்ற இடத்தில், செயின்ட் லாரன்ஸ் சர்ச்சில் அடக்கம். யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷெலும் அதே சர்ச்சில்தான் இருக்கிறார். சல்லிவன் கல்லறை எங்கே என்பதே நம் ஊரில் ரொம்ப காலம் யாருக்கும் தெரியாமல் இருந்தது. நீலகிரி வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள் தேடிப் போய்க் கண்டுபிடித்தார்கள். மனைவியும் மகளும் ஊட்டியில், அவர் அங்கே. நடுவில் எத்தனை கடல்!

1868-ல் நீலகிரி தனி ஜில்லா ஆனது. அதற்கு அடுத்த வருஷம், 1869-ல், கோயம்புத்தூருக்கு ஒரு புதுக் கலெக்டர் வந்தார். பெயர் ஹென்றி எட்வர்ட் சல்லிவன். அவருடைய மகன்தான்! அப்பாவின் அதே நாற்காலி. அவர் மலைக்கு வந்து தாயின் கல்லறை முன்னால் நின்றிருப்பார் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். நிற்காமலா இருந்திருப்பார்?

கல் பங்களா பிறகு பல கை மாறியது. உதகை சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகரம் ஆனபோது அந்தக் குன்றில் சர்க்கார் அலுவலகங்கள் வந்தன. 1955-ல் நம் கல்லூரி வந்தது. கட்டிடத்தை எத்தனையோ தடவை மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். நம் முதல்வர் அறை இருக்கும் பகுதிதான் அந்தப் பழைய வீடு. அட்டெண்டன்ஸ் குறைவு என்று அபராதம் கட்ட அந்த அறைக்கு முன்னால் நான் எத்தனை முறை நின்றிருக்கிறேன் என்பது நம் செட்டுக்கு மட்டும் தெரியும். 2022-ல் உதகைக்கு இருநூறு வருஷம் என்று அரசு விழா எடுத்து, முதலமைச்சர் சல்லிவன் சிலையைத் திறந்துவைத்தார். டி.வி.யில் பார்த்தேன். சிலை நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் அந்த அம்மாளும் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. என் அபிப்பிராயம், அவ்வளவுதான்.

போன முறை நாம் கூடியபோது மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் காணாமல் போனேன் என்று எல்லோரும் கேலி செய்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? செயின்ட் ஸ்டீபன்ஸுக்குத்தான் போயிருந்தேன். சர்ச்சுக்குப் பின்னால் சரிவில் கல்லறைகள். பாசி பிடித்த கல், புல், ஈரம். காவலாள் ஒருவர் காட்டினார். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பூ ஏதும் கொண்டுபோகவில்லை, கையை வீசிக்கொண்டு வந்துவிட்டோமே என்று இருந்தது. அங்கே ஒரு காட்டுச்செடி மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. சீமைச்செடிதான், யாரோ எப்போதோ கொண்டுவந்தது. பறிக்க மனசு வரவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாகப் பின் கதவைத் திறந்தேன். அரை நாள் ஆயிற்று, களை எடுக்க. முதுகு பிடித்துக்கொண்டது தனிக்கதை. புரோக்கரை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். மகனுக்குக் கோபம். பேத்திக்குச் சந்தோஷம், லீவுக்கு வந்தால் புடலையை இழுத்துப் பிடித்து அளக்கிறாள். விற்பதா இல்லையா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. வயசும் ஆகிறது. இந்த வருஷம் ஓரத்தில் இரண்டு அகத்தி நட்டு, அதன் மேல் வெற்றிலைக் கொடி ஏற்றியிருக்கிறேன். அப்பா கட்டுகிற மாதிரி எனக்குக் கட்ட வரவில்லை. இருந்தாலும் பிடித்துக்கொண்டது.

இந்தத் தடவை கூட்டத்துக்கு முதல் நாளே வந்துவிடுவேன். சர்ச்சுக்கு வரவிரும்புகிறவர்கள் காலை ஒன்பது மணிக்கு ஓக் மரத்தடிக்கு வந்தால் சேர்ந்தே நடக்கலாம். கல்லறைக்கு நித்தியமல்லிச் சரம் ஒன்று, ஈரத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வருகிறேன். நமக்கு ஜேடர்பாளையம் வெற்றிலை ஒரு கவுளி. பாக்கும் சுண்ணாம்பும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.